அம்மாவை எடு

நான் எழுதிய முதல் ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லித் தோழி ஒருத்திக்கு அனுப்பியிருந்தேன். நான்காம் நாள் அவள் ஆடிய பதிவு வந்து சேர்ந்தது. அவள் தட்டியது ஒரு வரி, ஆட்டம் சொன்னது ஒரு வரி என்று முழுக்க இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்.

> அஞ்சறைப்பெட்டியை எடு
எடுத்தாயிற்று.

> அம்மாவை எடு
எடுத்தாயிற்று.

> அம்மாவை அஞ்சறைப்பெட்டிக்குள் போடு
போட்டாயிற்று.

> பெட்டியை மூடு
மூடியாயிற்று.

> கையில் என்ன இருக்கிறது
உன்னிடம் இருப்பது: அஞ்சறைப்பெட்டி (மூடியது).

இதற்குக் கீழே நட்சத்திரக் குறி போட்டு அவளுடைய குறிப்பு. "உன் அம்மா இப்போது கடுகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவில் இருக்கிறார். வேண்டுமென்றே வைத்தாயா, தவறிப் போனதா? வேண்டுமென்றே என்றால் கையைக் கொடு."

வேண்டுமென்றே வைக்கவில்லை. அந்த ஆட்டத்தை நான் அம்மாவுக்காகத்தான் எழுதினேன். கண்ணில் படாமல் போகும் பெண்ணின் உழைப்பைக் கண்ணில் காட்டும் ஆட்டம் என்று முன்குறிப்பில் பெருமையாக எழுதியும் வைத்திருந்தேன். அந்த ஆட்டத்தில்தான் என் அம்மா கடுகு டப்பாவுக்குள் அடைந்து கிடந்தாள்.

எழுத்து ஆட்டம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படம் கிடையாது, சத்தம் கிடையாது. திரையில் வெறும் எழுத்து. நீங்கள் ஓர் அறையில் நிற்பதாக ஆட்டம் சொல்லும். மேசை மேல் ஒரு விளக்கு இருக்கிறது, வடக்கே ஒரு கதவு இருக்கிறது என்று சொல்லும். நீங்கள் "விளக்கை எடு", "கதவைத் திற", "வடக்கே போ" என்று தட்ட வேண்டும். ஆட்டத்துக்குப் புரிந்தால் அடுத்து நடப்பதைச் சொல்லும். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லும். பெரும்பாலான நேரம் புரியாது.

இந்த ஆட்டங்களுக்கு நான் வந்து சேர்ந்தது ஆசையால் அல்ல, நேரக் கணக்கால். 1999இல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். கணினி ஆய்வகம் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். பெண்கள் விடுதியின் கதவு மாலை ஆறு மணிக்கு மூடப்படும். ஆறிலிருந்து ஒன்பது வரையான மூன்று மணி நேரம் யாருக்கு என்று எந்த அறிக்கையிலும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பையன்கள் அந்த மூன்று மணி நேரத்தில் படம் போட்ட, துப்பாக்கி சுடும் ஆட்டங்களைக் கற்றுத் தேர்ந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது மதிய இடைவேளையும், கண்காணிப்பாளர் நடமாடும் பாட நேரமும். லினக்ஸ் ஏற்றிய ஒரு பழைய கணினியில் "அட்வெஞ்சர்" என்று தட்டினால் ஓர் ஆட்டம் தொடங்கும் என்று ஒரு சீனியர் அக்கா காட்டிக் கொடுத்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. பின்னால் வந்து நின்று பார்த்தாலும் ஏதோ நிரல் எழுதுகிறாள் என்றுதான் தோன்றும். மூன்று பருவங்கள் அப்படியே ஒப்பேற்றினேன். அந்தக் கண்காணிப்பாளர் என்னை உழைப்பாளி என்று வேறு மெச்சியிருக்கிறார்.

அந்த அட்வெஞ்சர்தான் இந்த வகையின் தாய். 1970களின் நடுவில் அமெரிக்காவில் வில் க்ரௌதர் என்ற நிரலாளர் பிடிபி-10 கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியது. 1977இல் ஸ்டான்ஃபோர்டில் டான் வுட்ஸ் அதை விரித்து எழுதினார். கென்டக்கி மாநிலத்தின் குகை ஒன்றுக்குள் இறங்கிப் போவதுதான் ஆட்டம். பித்தளை விளக்கு, கோடரி எறியும் குள்ளர்கள், எல்லாப் பக்கமும் ஒன்றுபோலத் தோன்றும் சிக்கல் வழிகள். மணவிலக்குக்குப் பிறகு, பிரிந்து போன மகள்களுக்கு விளையாட்டுக் காட்ட எழுதியதாக க்ரௌதர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையில் பாதியைத்தான் நான் முதலில் படித்திருந்தேன். மறுபாதி பாட்ரிஷியா க்ரௌதர், அவருடைய அப்போதைய மனைவி. அவர் குகை ஆய்வாளர். ஃபிளின்ட் ரிட்ஜ் குகையும் மாமத் குகையும் நிலத்துக்கடியில் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன என்பதை 1972 செப்டம்பர் 9 அன்று நேரில் போய்க் காட்டிய ஆறு பேர் கொண்ட குழுவில் இருந்த ஒரே பெண். அதற்குச் சில நாள் முன்பு, மற்றவர்களால் நுழைய முடியாத ஓர் இடுக்கில் உடலைக் குறுக்கி நுழைந்து அப்பால் போக வழியிருக்கிறது என்று கண்டு சொன்னவரும் அவர்தான். அளந்து கொண்டு வந்த எண்களை இருவரும் சேர்ந்து கணினியில் ஏற்றி வரைபடம் ஆக்கியிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு மறுபடியும் அட்வெஞ்சருக்குள் இறங்கிப் பாட்ரிஷியாவைத் தேடினேன். விளக்கு அணையும்வரை தேடினேன். குகை இருக்கிறது. வரைபடம் இருக்கிறது. இடுக்கில் நுழைந்தவள் இல்லை.

இதையெல்லாம் பிறகுதான் யோசித்தேன். அப்போது எனக்குப் பிடித்தது வேறு. அந்த ஆட்டங்களில் பிழை கண்டுபிடிப்பது பிடித்தது.

1990களில் இன்ஃபார்ம் போன்ற கருவிகள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுத்து ஆட்டம் எழுதலாம் என்று ஆயிற்று. 1995 முதல் ஆண்டுதோறும் ஒரு போட்டியும் நடந்து வருகிறது. ஓர் ஆட்டத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஆடிப் பார்த்து, பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட வேண்டும். யாரும் எழுதலாம், யாரும் மதிப்பெண் போடலாம். யாரும் எழுதலாம் என்றால் எப்படிப்பட்ட ஆட்டங்கள் வரும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். அறையில் மேசை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மேசையைப் பார் என்றால் அப்படி ஒன்றும் இங்கே இல்லை என்று சாதிக்கும் ஆட்டங்கள். திருகாணியைக் கழற்று, திருகு, திருப்பு, சுழற்று என்று என்ன சொன்னாலும் கேட்காமல், எழுதியவர் மனதில் வைத்திருக்கும் அந்த ஒரே வினைச்சொல்லுக்காக முரண்டு பிடித்து நிற்கும் ஆட்டங்கள். முதல் காட்சியில் எடுக்காமல் விட்ட சாவிக்காகப் பத்தாவது காட்சியில், காரணமே சொல்லாமல், முட்டுச் சந்தில் நிறுத்திவிடும் ஆட்டங்கள்.

முதன்முதலாக எழுத வருகிற பெரும்பாலானோர் எழுதுவது தங்கள் வீட்டைத்தான். படுக்கையறை, குளியலறை, சமையலறை என்று வரிசையாக அறைகள். வயதுக்கு வந்த ஆண் ஒருவன் தனியாக வாழும் வீடாக அது அனேகமாக இருக்கும். சமையலறையில் குளிர்பதனப் பெட்டி இருக்கும், அதற்குள் பீட்சா இருக்கும், மேடை மேல் கத்தி இருக்கும். கத்தி எதற்கு என்றால் பின்னால் கயிறு அறுக்க. இப்படிப்பட்ட வீடுகளில் ஒரு நாற்பது ஐம்பதிலாவது நான் நுழைந்திருக்கிறேன். ஒன்றிலும் யாரும் கறிகாய் நறுக்கவில்லை.

படித்து முடித்ததும் சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலை கிடைத்தது. பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். ஓய்வு நேரத்திலும் அதையே செய்தேன். எழுத்து ஆட்டங்களுக்கு மதிப்புரை எழுத ஆரம்பித்தேன். எனக்கு முன்னோடிகள் இருந்தார்கள். அந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு துப்பறியும் ஆட்டம் உண்டு. எழுதியபோது அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயது என்பார்கள். தவறான திசையில் கால் வைத்தால் போதும், செத்துப் போவீர்கள். 1995இல் வேறொருவர் அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கேலி வசனம் சேர்த்து முழு ஆட்டமாக மறுபடி வெளியிட்டார். மூலத்தைவிட கேலிதான் புகழ் பெற்றது. நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். பன்னிரண்டு வயதில் முழுசாக ஓர் ஆட்டத்தை எழுதி முடித்தவன் என்று அவனை நினைக்கத் தோன்றவில்லை. பன்னிரண்டு வயதில் நான் எதை முடித்திருந்தேன்? கோலப்போட்டியில் ஆறுதல் பரிசு.

என் மதிப்புரைகள் சின்னதாக, கூர்மையாக இருக்கும். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. எங்கள் வீட்டில் அப்பா சாப்பிட உட்கார்ந்து முதல் வாய் வைத்ததும் ஒரே ஒரு சொல் சொல்வார். "உப்பு." கூடவா குறைவா என்று சொல்ல மாட்டார். அம்மா கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துத் தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். சமைப்பதற்கு மூன்று மணி நேரம், மதிப்புரைக்கு ஒரு சொல். ஒரு ஆட்டத்தை எழுத ஆறு மாதம், எனக்கு ஆட இரண்டு மணி நேரம். நானும் உப்பு என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஆண்கள் எழுதிய ஆட்டங்களை அப்படிக் கிழித்ததில் எனக்கு இப்போதும் பெரிய வருத்தம் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஓர் ஆட்டம் நினைவிருக்கிறது. படுக்கையறையில் நாயகனின் மனைவி இருப்பாள். அவளைப் பார் என்றால் கூந்தலில் தொடங்கி மூன்று பத்தி வர்ணனை. அவளிடம் எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் இல்லை. மூன்று பத்தி உடம்புக்கு அரை வரி வாய்கூட எழுதப்படவில்லை. அவளை முத்தமிடு என்று தட்டினேன். ஆட்டத்தில் கவனம் வை என்று வந்தது. அது அந்த மனிதர் எழுதிய வரி அல்ல. இன்ஃபார்ம் கருவியில் ஏற்கெனவே பொதிந்து வைக்கப்பட்டிருந்த வரி. எழுதுபவர் ஒன்றும் சொல்லாவிட்டால் கருவி தானாகச் சொல்வது. பின்னால் வந்த இன்ஃபார்ம் 7 பதிப்புகளில் அதை மாற்றியிருக்கிறார்கள். இப்போது முத்தமிடு என்றால், அவருக்கு அது பிடிக்காமல் போகலாம் என்று பதில் வருகிறது. முதல் பதிலில் முத்தம் ஆடுபவனின் கவனச் சிதறல். இரண்டாவதில் எதிரே ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கென்று ஒரு விருப்பம் இருக்கிறது. கருவிக்குள் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் ஒரே ஒரு வரி. அதை மாற்றியவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் மேல் எனக்கு மரியாதை.

வருத்தம் வேறொன்றைப் பற்றியது.

போட்டிக்கு வெளியே, கேட்பாரற்று வந்த ஒரு சின்ன ஆட்டம். எழுதியவர் பெயரில் முதலெழுத்துகள் மட்டும் இருந்தன. இரவு, ஒரு வீடு, நீங்கள் உள்ளே தனியாக இருக்கிறீர்கள். முன்கதவு, பின்கதவு, கையில் ஒரு சாவி. கதவைப் பூட்டு என்றால் அந்தச் சொல் தெரியாது என்கிறது. கதவைத் தாழிடு, தெரியாது. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடு, தெரியாது. வெளியே போ என்றால், நீ போகவில்லை என்று மட்டும் சொல்கிறது. காத்திரு என்ற ஒரு சொல்தான் வேலை செய்தது. பன்னிரண்டு முறை காத்திருந்தால் தெருவில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. ஆட்டம் முடிந்தது.

நான் எழுதினேன்: பூட்டத் தெரியாதவருக்கு எதற்குச் சாவி? எழுதியவருக்குத் தெரிந்த வினைச்சொல் ஒன்றே ஒன்றுதான், அதையும் எங்களிடமே செய்யச் சொல்கிறார், நாங்களும் நல்ல ஆட்டத்துக்காகக் காத்திருக்கிறோம். பத்துக்கு ஒன்று. நிறையப் பேர் ரசித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு கடிதம். பெண். ஊர் பேர் வேண்டாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவில் உட்கார்ந்து கருவியைக் கற்றுக்கொண்டதாகவும், நான் சொன்னதெல்லாம் சரி என்றும் எழுதியிருந்தார். கதவைப் பூட்டும் வழியை எழுதத் தெரியவில்லை, பல நாள் முயன்று பார்த்து அப்படியே விட்டுவிட்டேன், விட்ட பிறகு ஆடிப் பார்த்தால் அதுதான் உண்மையாக இருந்தது என்று ஒரு வரி. கடைசியில் நன்றி. மோட்டார் சைக்கிள் யாருடையது என்று அவர் சொல்லவில்லை. ஆட்டத்தில் அது யாருடையது என்று ஒரு நொடியாவது யோசித்திருக்க வேண்டியவள் நான். ஆறு மணிக்குப் பூட்டிய கதவுக்குள் நாலு வருடம் இருந்தவள். சத்தத்தை வைத்தே வருவது யார், எப்படிப்பட்ட மனநிலையில் வருகிறார் என்று கணிக்கும் வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்தவள்.

பதில் எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஆட்டத்தை அவர் எடுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

அது பிழையா, உத்தேசமா என்று பலமுறை எனக்குள் வழக்காடியிருக்கிறேன். இரண்டும்தான் என்று அவரே சொல்லிவிட்டார். மென்பொருள் சோதிப்பவளுக்கு இது புரியாத பதில். எங்கள் வேலையில் பிழை என்றால் பிழை. ஆனால் ஒரு பெண் தன் கைக்கு எட்டிய கருவியில், தனக்குத் தெரிந்த அளவில் ஒன்றைச் செய்யும்போது, தெரியாத இடமும் சேர்ந்துதான் பேசுகிறது. அதற்காகத் தெரியாத இடமெல்லாம் கவிதை என்றும் சொல்ல மாட்டேன். பெண் எழுதியது என்பதற்காகத் தலையில் தடவிக் கொடுப்பது உப்பு என்று சொல்வதைவிட மோசம். அவர் ஆட்டத்தில் நிஜமான பிழைகளும் இருந்தன. சாவியைக் கீழே போட்டால் மறுபடி எடுக்க முடியவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். கதவைப் பற்றிக் கேட்டிருக்கலாம். நான் கேள்வியே கேட்கவில்லை.

2009இல் ட்வைன் என்ற இன்னொரு கருவி வந்தது. அதில் நிரல் அதிகம் தெரிய வேண்டாம், சொற்களை இணைத்துக்கொண்டே போகலாம். பெண்களும் திருநர்களும் பெரும் எண்ணிக்கையில் அதில் எழுத வந்தார்கள். அவர்களை நோக்கி வந்த முதல் விமர்சனம், இதெல்லாம் ஆட்டமே இல்லை என்பது. மனச்சோர்வைப் பற்றி 2013இல் ட்வைனில் ஓர் ஆட்டம் செய்த ஸோயி குவின் அடுத்த ஆண்டு வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய அளவுக்கு மிரட்டப்பட்டார். மிரட்டியவர்கள் அதற்கு வைத்துக்கொண்ட பெயர் விளையாட்டு இதழியலின் நேர்மை. நான் அவர்களில் ஒருத்தி அல்ல. ஆனால் பூட்டத் தெரியாதவருக்கு எதற்குச் சாவி என்று எழுதியபோது எனக்குக் கிடைத்த கைதட்டல் எங்கிருந்து வந்தது என்பது 2014க்குப் பிறகு எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன்.

கடிதத்துக்குப் பிறகு மதிப்புரை எழுதுவதை நிறுத்தினேன். நானே ஓர் ஆட்டம் எழுதிப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். எல்லோரையும் போலவே என் வீட்டை எழுதினேன். திருநெல்வேலியில் எங்கள் வீட்டு அடுக்களை. ஒரு காலை நேரம், ஆறு பேருக்கு இட்லி. இன்ஃபார்ம் 7இல் நிரலை ஆங்கில வாக்கியங்களாகவே எழுதலாம். அம்மா அடுக்களையில் இருக்கிறாள் என்று எழுதினேன். ஒரு கதையின் முதல் வரிபோல அழகாக இருந்தது. ஆனால் கருவிக்கு அது போதாது. அம்மா ஒரு பெண் என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பொருள் என்றே எடுத்துக்கொள்ளும். கருவியின் அகராதியில் பேர் சொல்லி ஓரிடத்தில் வைக்கப்படும் எதுவும், வேறு மாதிரிச் சொல்லாதவரை, பொருள்தான். பொருளை எடுக்கலாம், போடலாம், பெட்டியில் அடைக்கலாம். எத்தனை பொருள் என்று எண்ணத் தெரியுமே தவிர எவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரியாது. ஆகவே அஞ்சறைப்பெட்டியில் அம்மாவுக்கு இடம் இருந்தது.

பதிவைப் படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. அன்றிரவே ஊருக்குப் போகும் வேலை இருந்தது. மறுநாள் அம்மாவிடம் மடிக்கணினியைக் காட்டி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

"என்னய எடுத்து அஞ்சறைப்பெட்டில போட்டுட்டாளா?"

"ஆமாம்மா. என் தப்புதான்."

"தப்பென்னட்டி இதுல. நான் எப்பவும் அங்கனதான நிக்கேன்." கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்கப்பாவ எடுக்க முடியுமா?"

எனக்குத் தெரியவில்லை. ஆட்டத்தில் அப்பாவும் உண்டு, முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அப்பாவை எடு என்று தட்டினேன்.

அப்பாவுக்கு அது பிடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதுவும் கருவியே சொல்லும் வரி. மனிதர்களை எடுக்க முயன்றால் வருவது. அதாவது அப்பாவை நான் மனிதராக அறிவித்திருக்கிறேன். நிரலைத் திறந்து பார்த்தேன். அப்பா ஓர் ஆண் என்று தெளிவாக எழுதியிருந்தது. எட்டு மணிக்கு அவர் எழுந்து வந்து இட்லி கேட்க வேண்டும், கேட்பதற்கு அவர் ஆளாக இருக்க வேண்டும், அதற்காக எழுதியிருக்கிறேன். அம்மாவுக்கு என் ஆட்டத்தில் நகர வேண்டிய தேவையே இல்லை. அவள் அடுக்களையில் இருந்தால் போதும். மூன்று பத்தி வர்ணனை எழுதியிருந்தேன், கையில் சூடு பட்ட தழும்பு உட்பட. படுக்கையறை மனைவிக்கு அந்த மனிதர் எழுதியதும் மூன்று பத்திதான்.

"அவுகளுக்குப் பிடிக்காதாமா?" என்றாள் அம்மா. "எனக்குப் பிடிக்குமான்னு கேக்கலியாக்கும்."

முன்னறையில் ஈஸிசேரில் நிஜ அப்பா இருந்தார். என்ன அங்க சத்தம் என்றார். ஒன்றுமில்லை என்றோம் இருவரும்.

பிரிட்டனைச் சேர்ந்த கிரகாம் நெல்சன், இன்ஃபார்மை உருவாக்கியவர், 1990களிலேயே ஆடுபவரின் உரிமைகள் என்று ஒரு பட்டியல் எழுதினார். முன்னெச்சரிக்கை இல்லாமல் சாகடிக்கப்படாமல் இருக்கும் உரிமை, சரியான வினைச்சொல்லை ஊகித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் இருக்கும் உரிமை என்று போகும். புதிருக்கு விடை காண ஆடுபவர் அமெரிக்கராக இருக்க வேண்டியதில்லை என்றும் அதில் உண்டு. அதைப் படித்த நாளில் திருநெல்வேலிக்காரியான நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது ஆடுபவருக்கான பட்டியல். ஆட்டத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. 2000இல் எமிலி ஷார்ட் எழுதிய கலாட்டியா என்ற ஆட்டம் அதைத்தான் தொட்டது என்று நினைக்கிறேன். பீடத்தின் மேல் உயிர் பெற்ற ஒரு சிலை, எதிரே நீங்கள். புதிர் கிடையாது, எடுப்பதற்கு எதுவும் கிடையாது, அவளோடு பேசுவதுதான் ஆட்டம். நீங்கள் பேசும் விதத்தைப் பொறுத்து அவள் திரும்புவாள், கோபப்படுவாள், மௌனமாகிவிடுவாள். எத்தனையோ முடிவுகள். காட்சிக்கு வைத்த பொருளைப் பார்க்கப் போய், பார்க்கப்படுவது நாம் என்று ஆகிவிடும். அதைப் பலமுறை ஆடியவள் நான். ஆடியும் என் அம்மாவை அடுக்களையில் பொருளாக வைத்தேன்.

இன்னொன்று. தமிழில் எழுதியிருந்தால் இந்தப் பிழை இவ்வளவு நாள் ஒளிந்திருக்குமா என்று யோசித்திருக்கிறேன். அம்மா இருக்கிறாள் என்று எழுதினாலே வினைச்சொல் அவளை ஆளாக்கிவிடும். பொருள் என்றால் இருக்கிறது என்றுதான் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆனால் தமிழில் எழுதியிருந்தால் ஆடுபவரை நீ என்பதா நீங்கள் என்பதா என்ற முதல் வரியிலேயே நான் மூன்று மாதம் நின்றிருப்பேன். அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறாள் என்று எழுதியிருப்பேன், அதில் எதுவும் தவறாகவும் பட்டிருக்காது.

அந்தப் பயணத்தில் அம்மாதான் என் ஆட்டத்தின் இரண்டாவது சோதனையாளர். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பத்து ஆண்டுகள் சோதனை வேலை பார்த்த என் கண்ணில் படாத பதினோரு பிழைகளைக் கண்டுபிடித்தாள். "அரிசிய ஊறப் போடாமலே ஆட்ட விடுதியே, கல்லுதான் தேயும்." ஊறப் போடுவது என்ற வினையே ஆட்டத்தில் இல்லை. "உளுந்து எங்க?" இல்லை. "மாவு பொங்காண்டாமா, ஆட்டுன ஒடனே ஊத்துத?" காத்திரு என்பதை எட்டு மணி நேரமாக்கத் தெரியவில்லை. "அடுக்களைக் கதவுக்கு எதுக்குட்டி பூட்டு?" புதிர் வேண்டுமே என்று வைத்தது. ஏழாவதோ எட்டாவதோ கேட்டாள்: "இதுல பாத்திரம் யாரு கழுவுதா?"

யாரும் கழுவவில்லை. ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் பாத்திரங்கள் தாமாகவே சுத்தமாக அடுக்கப்பட்டிருந்தன. அவள் உழைப்பைக் காட்டுவதற்காகவே எழுதிய ஆட்டம்.

அவள் விமர்சித்த விதத்தைக் கவனித்தேன். ஒரு முறைகூட நல்லா இல்லை என்று சொல்லவில்லை, நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை. இது எங்கே, அது எப்போது, இதை யார் என்று கேட்டுக்கொண்டே போனாள். வேலை தெரிந்தவள் வேலையைப் பார்க்கும் பார்வை. இப்போது சில கல்லூரி மாணவிகளோடு மாதம் ஒரு நாள் உட்கார்ந்து இப்படிப்பட்ட ஆட்டங்களை ஆடிப் பார்க்கிறோம். மதிப்பெண் போடுவதில்லை. அம்மாவின் அந்தக் கேள்விகளைத்தான் பெரும்பாலும் கேட்கிறோம். போன மாதம் ஒரு பெண் எழுதி வந்த பேருந்து ஆட்டத்தில் இறங்கு என்ற சொல் வேலை செய்யவில்லை. யாரும் சிரிக்கவில்லை. வேண்டுமென்றா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை, மறந்துவிட்டேன் என்றாள் அவள். அங்கேயே உட்கார்ந்து சேர்த்தாள்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் பதினொன்றில் ஏழைச் சரி செய்திருந்தேன். அம்மா ஒரு பெண் என்று முதல் வேலையாக எழுதினேன். அடுக்களையில் ஒரு முக்காலியும் போட்டேன், ஏனென்றால் அம்மாவின் கடைசிக் குறை, அங்கே உட்கார ஒன்றுமில்லை என்பது. நிஜ அடுக்களையிலும் இல்லை. ராத்திரி அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மடிக்கணினியை மேடையில் வைத்துக் காட்டினேன். ஆட்டத்தில் இருக்கும் ஆளுக்கு நாம் கட்டளையும் இடலாம். அம்மா, முக்காலியில் உட்கார் என்று தட்டினேன். உட்காரும் வழியை நான் இன்னும் எழுதியிருக்கவில்லை, அதனால் மறுபடியும் கருவியின் சொந்த வரிதான் வந்தது. கட்டளைக்குப் பணியாத எந்த மனிதருக்கும் அது வைத்திருக்கும் பதில்.

"என்ன சொல்லுது?" என்றாள், கையைத் துடைக்காமல்.

"அம்மாவுக்கு இதைவிட முக்கியமான வேலைகள் இருக்கின்றன என்கிறது."

"அது ஒண்ணுதான் சரியாச் சொல்லிருக்கு," என்று குழாயைத் திறந்தாள்.